இறங்காத விதை: சின்ன நாய்க்குக் கருத்தடை

ஆண் குட்டியின் விதைப்பைக்குள் இரண்டு விதைகள் இருக்க வேண்டும். உங்கள் குட்டிக்கு ஒன்றுதான் கையில் தட்டுப்படுகிறது, அல்லது ஒன்றுமே தட்டுப்படவில்லை என்றால் இந்த அத்தியாயம் உங்களுக்கானது. கத்தி பிடிப்பது டாக்டரின் வேலை. அதைத் தவிர மற்ற எல்லாமே உங்கள் வேலை. குறையைக் கண்டுபிடிப்பது, தேதி போட்டுக் குறித்து வைப்பது, சரியான இடத்துக்குக் கொண்டுபோவது, பட்டினி போடுவது, பதினான்கு நாள் புண்ணைக் காப்பது என்று பட்டியல் நீளும்.

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு பொமரேனியன் இருந்தான். ஒரு வயதில் கருத்தடை செய்தோம். ஒரு விதை இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆப்பரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தபோது ஒரே ஒரு தையல்தான் இருந்தது. "எல்லாம் முடிஞ்சிட்டு" என்றார்கள். நான் எதுவும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்பதாவது வயதில் அவனுக்கு இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டியது. காம்புகள் பெட்டை நாய்க்குப் போல வீங்கின. தெருவில் ஆண் நாய்கள் அவன் பின்னால் வரத் தொடங்கின. தோல் வியாதி என்று நினைத்து ஷாம்பு மாற்றி மாற்றிப் போட்டோம். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது வயிற்றுக்குள் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. எடுக்காமல் விட்ட அந்த விதைதான் கட்டியாகியிருந்தது. அதற்குள் ரத்தம் மிகவும் குறைந்துபோய், ஆப்பரேஷனைத் தாங்கும் நிலையில் அவன் இல்லை.

"ரெண்டையும் எடுத்தாச்சா, சார்? காட்டுங்க." அதற்கு எட்டு வருடம் முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான்

குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போது விதைகள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகின்றன. அங்கிருந்து கீழே இறங்கி, தொடை இடுக்கில் உள்ள குழாய் வழியாக வந்து விதைப்பையில் சேர்கின்றன. பெரும்பாலான குட்டிகளுக்கு இரண்டு மாதத்துக்குள் இது முடிந்துவிடும். ஆறு மாதம் வரை பொறுத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் இறங்குவது மிக அபூர்வம்.

இறங்காத விதை தங்கும் இடங்கள் மூன்று: வயிற்றுக்குள், தொடை இடுக்குக் குழாய்க்குள், அல்லது தொடை இடுக்குக்கும் விதைப்பைக்கும் நடுவே தோலுக்கு அடியில். வலது விதை தங்கிப்போவதுதான் அதிகம். பொமரேனியன், சிவாவா, யார்க்ஷயர் டெரியர், டாய் பூடில், டாஷண்ட் போன்ற சின்ன இனங்களில் இந்தக் குறை கூடுதலாகத் தென்படுகிறது.

உடம்புச் சூட்டில் கிடக்கும் விதை விந்தணுவை உண்டாக்காது. ஆனால் ஆண் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் கீழே இருக்கும் ஒன்றை மட்டும் எடுத்தால், பார்ப்பதற்குக் கருத்தடை ஆன நாய். குணத்தில் முழு ஆண் நாய். தங்கிப்போன விதையில் கட்டி வரும் வாய்ப்பு, இறங்கிய விதையைவிடப் பத்து மடங்குக்கும் மேல். வயிற்றுக்குள் அது முறுக்கிக்கொண்டு கடும் வலி வருவதும் உண்டு. குறை பரம்பரையாக வருவது; தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அதைச் சுமக்கின்றன.

எனவே ஊசி போட்டு இறக்குவது, தைத்துக் கீழே இழுத்து வைப்பது போன்ற யோசனைகளுக்கு இடமில்லை. குறையை மறைத்து இனப்பெருக்கத்துக்கு விட உதவுமே தவிர, அவை நாய்க்கு நல்லது செய்யாது.

கையால் பார்ப்பது எப்படி

முதல் தடுப்பூசிக்குப் போகும் வாரத்தில் ஒரு தடவை, நான்கு மாதத்தில் ஒரு தடவை, ஆறு மாதத்தில் ஒரு தடவை பாருங்கள். 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. ஆகவே குட்டியை வாங்கும் அன்றே, பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்து பார்க்கலாம்.

1. குட்டி சாப்பிட்டு, விளையாடி, அசந்து கிடக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பயந்தாலோ குளிர்ந்தாலோ விதைகள் தாமாக மேலே ஏறிக்கொள்ளும்.
2. உங்கள் கையை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். மழைக்கால இரவில் ஈரக்கையோடு தொட்டால் இருப்பதும் ஒளிந்துகொள்ளும்.
3. மடியில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். வீட்டில் ஒருவர் தலையைத் தடவிக்கொண்டு இருக்கட்டும்.
4. பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விதைப்பையை மெதுவாக வருடுங்கள். இரண்டு மாதக் குட்டிக்குப் பயறு அளவுதான் இருக்கும். வழுக்கி நகரும், அழுத்தினால் நசுங்காது.
5. ஒன்று குறைந்தால், அந்தப் பக்கத்துத் தொடை இடுக்கிலிருந்து விதைப்பையை நோக்கி, தோலின் மேல் விரலை மெதுவாக நகர்த்திக் கொண்டுவாருங்கள். தோலுக்கு அடியில் தங்கியிருந்தால் விரலுக்கு முன்னால் உருண்டு வரும்.
6. பிறகு நிற்க வைத்துப் பின்பக்கமிருந்து இன்னொரு தடவை பாருங்கள்.
7. தடுப்பூசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியும் எந்தப் பக்கம் இல்லை என்பதும் எழுதுங்கள். "இடது உண்டு, வலது இல்லை" என்ற நாலு சொல் போதும்.

*இங்கே நடக்கும் தவறுகள்.* நாய் கிளர்ச்சியில் இருக்கும்போது ஆண்குறியின் அடியில் இரண்டு பக்கமும் உருண்டையாக வீங்கும். அதைப் பார்த்துவிட்டு "ரெண்டும் இருக்கு" என்று நிம்மதியாகிவிடுபவர்கள் பலர். அந்த வீக்கம் குறியின் பகுதி. சில நிமிடத்தில் அடங்கிவிடும். இரண்டாவது தவறு, தொடை இடுக்கில் உள்ள கொழுப்பையோ நெறிக்கட்டியையோ விதை என்று எண்ணுவது. மூன்றாவது, கிடைக்கவில்லையே என்று அழுத்தித் தேடுவது. குட்டி கத்தினால் உடனே விட்டுவிடுங்கள். மீதியை டாக்டர் பார்ப்பார்.

ஒரு நாள் தட்டுப்பட்டு மறுநாள் காணாமல் போவது நான்கு மாதக் குட்டியிடம் சாதாரணம். ஆறு மாதத்திலும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எப்போது செய்வது

குட்டிக்கு ஆறு மாதம் ஆனதும் டாக்டரிடம் கொண்டுபோய், ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் நடுவில் ஆப்பரேஷனை முடித்துவிடுங்கள். சின்ன இனங்கள் சீக்கிரம் வளர்ந்து முடிப்பவை. அவற்றை அதற்கு மேல் காக்க வைப்பதில் லாபமில்லை. கட்டி பொதுவாக நடுவயதுக்குப் பிறகுதான் வரும் என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்த வயதில் மயக்க மருந்தின் ஆபத்தும் சேர்ந்து ஏறியிருக்கும்.

நாள் குறிக்கும்போது நம்மூர்க் கணக்கு ஒன்றையும் பார்க்க வேண்டும். தூத்துக்குடி பனிமய மாதா கோவில் திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும். கடற்கரைச் சாலை, திரேஸ்புரம் பக்கம் வீடு என்றால் அந்த நாட்களில் வெடிச்சத்தம் கேட்கும். ஆப்பரேஷன் ஆகி நான்கு நாளான பொமரேனியன் ஒரு வெடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் பாய்ந்தால் தையல் பிரிந்துவிடும். தீபாவளிக்கும் இதே கணக்குதான். இந்த நாட்களுக்கு முந்தின மூன்று வாரத்தையும் விட்டுவிட்டுத் தேதி வாங்குங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் செய்யவே கூடாது என்றில்லை. ஆனால் விடிகாலையிலேயே கிளம்ப வேண்டும்.

வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாதவை

காளைக் கன்றுக்குக் காயடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். "இடுக்கி போட்டு நசுக்கிட்டா முடிஞ்சுது" என்று அவர்கள் நல்ல மனதோடுதான் சொல்வார்கள். நாய்க்கு அதைச் செய்யாதீர்கள். ரப்பர் வளையம் மாட்டுவது, நூல் கட்டுவது எல்லாம் சதையை அழுகவைத்து நாயைக் கொல்லும். இறங்காத விதையை இவை எட்டவும் எட்டாது. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984-இன்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை செய்ய வேண்டும். மருந்துக்கடைக்காரரும் நாய்க்கு முடிவெட்டும் கடைக்காரரும் அதில் சேர மாட்டார்கள்.

எங்கே கொண்டு போவது

இடம் பார்ப்பதற்கு முன், விதை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். தோலுக்கு அடியில் கையில் தட்டுப்படுகிறது என்றால், சாதாரணக் கருத்தடையைவிடக் கொஞ்சம்தான் பெரிய வேலை. அனுபவம் உள்ள எந்த டாக்டரும் உள்ளூரிலேயே செய்வார். வயிற்றுக்குள் என்றால் வயிற்றைத் திறக்கும் ஆப்பரேஷன். அதற்கு ஸ்கேன் பார்க்கத் தெரிந்தவர், மயக்க மருந்தைக் கவனிக்கத் தனி ஆள், நாய்க்குச் சூடு கொடுக்கும் வசதி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

முதலில் நம்மூர் மாட்டாஸ்பத்திரியிலோ வழக்கமாகப் போகும் கிளினிக்கிலோ காட்டுங்கள். அவர்கள் மேலே அனுப்பினால் போகும் இடம் பெரும்பாலும் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 2012-இல் தொடங்கிய கல்லூரி அது. தூத்துக்குடியிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை முத்துக்குளித்துறை ஊர்களில் இருப்பவர்களுக்குப் பயணம் நீளும். அவர்கள் ஒரே நாளில் சோதனையும் ஆப்பரேஷனும் என்று திட்டம் போட வேண்டாம். சோதனைக்கு ஒரு நாள், ஆப்பரேஷனுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முன் போன் செய்து அறுவை நாள் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்ப்பவர்கள் அதைத் தெருநாய்க் கருத்தடை முகாமுக்குக் கொண்டுபோவதுண்டு. 2023-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் நடக்கும் அந்த முகாம்களில் கருத்தடை ஆன நாய்க்கு அடையாளமாகக் காது நுனியில் வெட்டு விடுவார்கள். ஒரு விதை உள்ளே இருக்கும்போதே காதில் வெட்டு விழுந்துவிட்டால், பிறகு அந்த நாயைப் பார்க்கும் எவரும் மறுபடி சோதிக்க மாட்டார்கள். மேசையில் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

*டாக்டரிடம் கேட்க வேண்டியவை:*

1. விதை எங்கே இருக்கிறது? ஸ்கேன் எடுத்துப் பார்ப்பீர்களா?
2. வயிற்றுக்குள் இருந்த விதையை எடுத்து உங்களுக்குப் பழக்கம் உண்டா? (தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.)
3. மயக்கம் ஊசியா, வாயுவா? மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைப்பீர்களா? கையில் ட்ரிப்ஸ் ஊசி ஏற்றியிருக்குமா?
4. ஆப்பரேஷன் நேரத்தில் உடம்பு குளிராமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?
5. எடுத்த இரண்டு விதையையும் எனக்குக் காட்டுவீர்களா?
6. ஒன்று கிடைக்காமல் போனால் என்ன செய்வீர்கள்?

ஆறாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "வயிற்றைச் சரியாகத் திறந்து, விந்துக்குழாயைப் பிடித்துக்கொண்டே போய்த் தேடுவோம், முடியாவிட்டால் மூடிவிட்டு மேலே அனுப்புவோம்" என்றால் நம்பி ஒப்படைக்கலாம். சின்னத் துளை போட்டுக் கொக்கியால் துழாவி இழுப்பது ஆபத்து. சிறுநீர்க்குழாயும் ப்ராஸ்டேட்டும் அப்படித்தான் சேதமாகின்றன.

இரண்டு வாரம் முன்பிருந்து

ரத்தச் சோதனை கட்டாயம். அதற்கு நம்மூரில் தனிக் காரணம் உண்டு. கடலோரச் சூட்டிலும் ஈரத்திலும் உண்ணி வருடம் முழுக்கப் பெருகும். உண்ணிக் காய்ச்சல் வந்து போன நாய் வெளியே நன்றாக ஓடி விளையாடும். உள்ளே தட்டணுக்கள் குறைந்திருக்கும். அந்த நிலையில் வெட்டினால் ரத்தம் உறையாது. சோதனைத் தாளில் தட்டணு எண்ணிக்கையை டாக்டர் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள். குறைவாக இருந்தால் முதலில் அதற்கு மருந்து, ஆப்பரேஷன் பிறகு.

உண்ணி மருந்து, பூச்சி மருந்து, விட்டுப்போன தடுப்பூசி எல்லாவற்றையும் இந்த இரண்டு வாரத்துக்குள் முடியுங்கள். ஏற்கெனவே தரும் மாத்திரைகளின் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆப்பரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு குளிப்பாட்டி நன்றாகத் துவட்டிவிடுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்குக் குளிப்பாட்ட முடியாது.

கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பை முன்பே வாங்கி, தினமும் பத்து நிமிடம் மாட்டிப் பழக்குங்கள். மாட்டியபடியே சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் கற்றுக்கொள்ளட்டும். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரல் அளவு நீள வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் டாஷண்ட் எளிதாக எட்டி நக்கிவிடும்.

முந்தின இரவும் அன்று காலையும்

1. இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள, ஆறு மாதம் தாண்டிய நாய்க்கு இரவு பத்து மணிக்குள் கடைசிச் சாப்பாடு. வழக்கமான அளவில் பாதி போதும்.
2. இரண்டு கிலோவுக்குக் குறைவான குட்டிக்கு இரவு முழுக்கப் பட்டினி கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடமே கேளுங்கள். நான்கு மணி நேரம் போதும் என்று பலர் சொல்வார்கள்.
3. காலையில் கிளம்பும்வரை தண்ணீர் இருக்கட்டும், டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால்.
4. வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் பாட்டிக்கும் இரண்டு தடவை. ஒரு ரொட்டித் துண்டோ ஒரு நெத்திலித் தலையோ போதும்; மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போய்விடும்.
5. காலையில் தெருவில் நடக்க விடும்போது வாரைக் குட்டையாகப் பிடியுங்கள். மீன் விற்கும் தெருக்களில் தரையில் கிடப்பதைக் கவ்வ ஒரு நொடி போதும்.
6. தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

*பயணம்.* கூடையில் பழைய துண்டு விரித்துக் கொண்டுபோங்கள். உங்கள் வாசனை உள்ள துண்டாக இருந்தால் நல்லது. ஆட்டோ என்றால் மடியில் வைத்து, வார் கையில் சுற்றியிருக்கட்டும். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சூட்டில் சீக்கிரம் மூச்சு முட்டும். மயக்கம் தெளியும்போதும் அவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

மேசையில் நடப்பது

உள்ளே உங்களை விட மாட்டார்கள். ஆனாலும் வெட்டு எங்கே இருக்கும் என்று தெரிந்திருந்தால் வெளியே வந்ததும் சரிபார்க்கலாம். இறங்கிய விதைக்கு விதைப்பைக்குச் சற்று முன்னால் ஒரு வெட்டு. தொடை இடுக்கில் இருந்த விதைக்கு அந்த இடுக்கில் ஒரு வெட்டு. வயிற்றுக்குள் இருந்ததற்கு ஆண்குறிக்குப் பக்கத்தில், அடிவயிற்றில் நீளவாக்கில் ஒரு வெட்டு. தோலுக்கு அடியில் இருந்த விதையைச் சில நேரம் முதல் வெட்டு வழியாகவே எடுத்துவிடுவார்கள். அதனால் வெட்டை எண்ணினால் போதாது, விதையை எண்ணுங்கள்.

உள்ளே தங்கியிருந்த விதை மற்றதைவிடச் சின்னதாக, தளர்ந்து இருக்கும். கிண்ணத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு வயது ஆறுக்கு மேல் என்றாலோ விதை பெரிதாக, முடிச்சோடு இருந்தாலோ அதைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

"ஒண்ணுதான் கிடைச்சது" என்றால்

பதறாதீர்கள். அதே சமயம் "இவனுக்குப் பிறவியிலேயே ஒன்றுதான்" என்ற பதிலோடு வீடு திரும்பவும் வேண்டாம். பிறவியிலேயே ஒன்று மட்டும் உள்ள நாய் அபூர்வத்திலும் அபூர்வம். எங்கே தேடினார்கள், வயிற்றைத் திறந்தார்களா, விந்துக்குழாய் தெரிந்ததா என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அடுத்து பார்க்கும் டாக்டருக்கு அந்தத் தாள் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். புண் ஆறிய பிறகு அனுபவமுள்ளவரிடம் ஸ்கேன் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால், ஹார்மோன் ஊசிக்கு முன்னும் பின்னும் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்க்கும் ரத்தச் சோதனை உண்டு. ஊசிக்குப் பிறகு அளவு ஏறினால் விதை உள்ளே இருக்கிறது. அது வெளியே வரும்வரை புத்தகத்தில் "கருத்தடை முடிந்தது" என்று எழுத விடாதீர்கள்.

முதல் இருபத்து நான்கு மணி நேரம்

சின்ன நாய்க்கு ஆபத்து இரண்டு: உடம்பு குளிர்வதும் சர்க்கரை இறங்குவதும். நம் வெக்கையில் குளிரா என்று நினைக்காதீர்கள். மயக்க மருந்து உடம்பின் சூட்டைப் பிடித்துவைக்கும் சக்தியைக் குறைத்துவிடும். அடிவயிற்று முடியையும் மழித்திருப்பார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே, மொசைக் தரையில் போடாதீர்கள்.

1. தரையிலேயே படுக்கை. கட்டில், சோபா வேண்டாம், தள்ளாடி விழும்.
2. துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள். தோலில் நேராகப் படக் கூடாது. மயக்கத்தில் சுட்டாலும் அதற்குத் தெரியாது.
3. எழுந்து நேராக நின்ற பிறகு இரண்டு வாய் தண்ணீர். வாந்தி இல்லை என்றால் அரை மணி கழித்து, வழக்கத்தில் கால் பங்கு சோறும் வேகவைத்த கோழியும். பால் அன்று வேண்டாம்.
4. இரண்டு மணிக்கு ஒரு தடவை உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.
5. நடுக்கம், தள்ளாட்டம், கண் சொருகல் இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் ஈறில் இரண்டு துளி தேன் தடவிக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.
6. இரவு ஒருவர் பக்கத்தில் படுங்கள்.

இரவு முனகுவது மயக்கம் தெளிவதாலும் இருக்கலாம், வலியாலும் இருக்கலாம். டாக்டர் தந்த வலி மருந்தை, தந்த அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் தொடாதீர்கள். மூன்று கிலோ நாய்க்குப் பெரியவர்களின் ஒரு மாத்திரை குடலிலோ சிறுநீரகத்திலோ ஈரலிலோ பெரிய சேதம் செய்துவிடும்.

உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அடையாளங்கள்

ஈறு வெளுத்துப் போவது. வயிறு உப்பிக்கொண்டு வருவது. வெட்டிலிருந்து ரத்தம் நிற்காமல் சொட்டுவது. ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகாதது. திரும்பத் திரும்ப வாந்தி. தையல் பிரிந்து உள்ளே ஏதோ தெரிவது. அப்படியானால் எதையும் உள்ளே தள்ளாதீர்கள், சுத்தமான துணியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்து மூடிக்கொண்டு கிளம்புங்கள்.

பதினான்கு நாள்

நாலாம் நாளே நாய் ஓடத் தொடங்கும். தோல் ஒட்டியிருக்கும், உள்ளே வயிற்றுத் தசை ஒட்டியிருக்காது. தையல் பிரிந்து வரும் நாய்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிரித்துக்கொள்கின்றன. வாரோடு சிறுநீருக்கு வெளியே கூட்டிப்போய் உடனே திரும்புங்கள். படி ஏற வேண்டுமென்றால் தூக்கிக்கொள்ளுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு, ஒரு கை பின்னங்காலுக்கு. வயிற்றைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

கூம்பைக் கழற்றாதீர்கள். "பாவமா இருக்கு" என்று ஒரு மணி நேரம் கழற்றிய வீடுகளில் மறுபடி தையல் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

புண்ணைக் காலையும் மாலையும் வெளிச்சத்தில் பாருங்கள். முதல் சில நாள் லேசாகச் சிவந்தும் கன்றியும் இருக்கும். காலியான விதைப்பையும் கொஞ்சம் வீங்கும், தானாக வற்றும். வீக்கம் நாளுக்கு நாள் ஏறினாலோ சூடாக இருந்தாலோ நாற்றமடித்தாலோ சீழ் வந்தாலோ காட்டிவிடுங்கள்.

புண்ணில் எதையும் பூசாதீர்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய், டெட்டால் எதுவும் வேண்டாம். கடல் தண்ணீரில் நனைத்தால் புண் ஆறும் என்பதை நம்மூரில் கேட்காதவர் இல்லை. கரைத் தண்ணீரில் உப்பு மட்டும் இல்லை. மீன் கழிவும் சாக்கடையும் கலந்திருக்கும். மணலும் தையலுக்குள் ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது. இரண்டு வாரத்துக்குக் கடற்கரைப் பக்கமே வேண்டாம்.

ஈக்கு இடம் கொடுக்காதீர்கள். மீன் காயவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு என்றால் நாயை உள் அறையில், வலை அடித்த சன்னலுக்குள் வைத்திருங்கள். திறந்த புண்ணில் ஈ உட்கார்ந்தால் ஒன்றிரண்டு நாளில் புழு வைத்துவிடும்.

பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவில் தையல் பிரிக்கப் போங்கள். உள்ளேயே கரையும் தையல் என்றாலும் ஒரு தடவை காட்டுங்கள். அதற்குப் பிறகும் ஒன்றரை மாதம் பருவத்துக்கு வந்த பெட்டையோடு விடாதீர்கள். ஏற்கெனவே குழாயில் தங்கிய விந்தணு சில வாரம் உயிரோடு இருக்கும். கால் தூக்கி வீடெல்லாம் சிறுநீர் விடும் பழக்கமும் ஒரே நாளில் நிற்காது. பல வாரம் ஆகும். சில நாய்களிடம் முழுக்க நிற்காமலும் போகலாம்.

ஏற்கெனவே வயதான நாய் என்றால்

எட்டு வயது ஆகிவிட்டது, ஒரு விதை உள்ளேதான் இருக்கிறது என்றால் விட்டுவிடாதீர்கள். முதலில் மணிக்கு வந்த அடையாளங்கள் உண்டா என்று பாருங்கள்: இரு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டுவது, காம்பு வீக்கம், மற்ற ஆண் நாய்கள் பின்னால் வருவது. வயிற்று ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே, முழு ரத்தச் சோதனை மூன்றும் வேண்டும். கட்டி இருந்தாலும் பெரும்பாலும் வேறு உறுப்புக்குப் பரவியிருக்காது. ரத்தம் குறைவதற்கு முன் எடுத்துவிட்டால் நாய் தேறிவிடும். சில மாதத்தில் முடியும் திரும்ப முளைக்கும். அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும், உடம்பு தாங்கும் என்று டாக்டர் சொன்னால் எடுத்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

குட்டி கொடுத்தவருக்கு ஒரு போன்

எல்லாம் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கும். பலர் இதைச் செய்வதில்லை. குறை இரண்டு பக்கத்திலிருந்தும் வருவதால், அதே ஜோடியை மறுபடி சேர்த்தால் அடுத்த ஈற்றிலும் வரலாம். உங்கள் குட்டியின் அண்ணன் தம்பிகள் எங்கெங்கோ வீடுகளில் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்களும் தடவிப் பார்க்க வேண்டும். சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். நான் சொல்வது இப்படித்தான்: "அண்ணாச்சி, உங்ககிட்ட வாங்குன குட்டிக்கு வலது விதை வயித்துக்குள்ளயே நின்னுட்டு. ஆப்பரேஷன் பண்ணி ரெண்டையும் எடுத்தாச்சு, பய நல்லா இருக்கான். இதே தாய்க்கும் தகப்பனுக்கும் இனி ஜோடி போடாதீங்க. கூடப் பொறந்த கடுவன் குட்டிகளை யார் யார் வாங்குனாங்களோ அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. நம்பர் இருந்தா குடுங்க, நானே பேசுறேன்."